உடம்பு சொல்லும் சாட்சி

என் சீனியருடைய அலுவலகத் திண்ணையில் நீளமான தேக்கு பெஞ்ச் ஒன்று கிடந்தது. கட்சிக்காரர்கள் உட்காருவதற்காகப் போட்டது. பாளையங்கோட்டையில் நான் தொழில் படித்த அந்தத் தொண்ணூறுகளில், அம்பாசமுத்திரம், முக்கூடல் பக்கமிருந்து முதல் பஸ் பிடித்து வருகிறவர்களில் பலர் அதில் உட்காரமாட்டார்கள். தூணை ஒட்டி நிற்பார்கள். தோளில் கிடக்கும் துண்டு வாசல்படி ஏறும்போதே கக்கத்துக்குப் போய்விடும். பெண்கள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஒரு காலின் மேல் மறுகாலை வைத்து, சுவரில் பாதி மறைந்து நிற்பார்கள்.

அவர்கள் உட்காரும்வரை சீனியர் வழக்குக் கட்டைப் பிரிக்கமாட்டார். "உக்காருங்க, பேசுவோம்" என்று ஒரு தடவை சொல்லிவிட்டுச் சும்மா இருப்பார். குமாஸ்தா அண்ணாச்சி கடிகாரத்தைப் பார்ப்பார், "சார், பதினோரு மணிக்கு முன்சீப் கோர்ட்ல கேஸ்" என்பார். சீனியர் அசையமாட்டார். கடைசியில் அந்த மனிதர் பெஞ்சின் நுனியில், எந்த நேரமும் எழுந்துவிடத் தயாராக, உட்காருவார். அப்போதுதான் பேச்சு ஆரம்பிக்கும். ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன். "நிக்கிறவன் நாம கேக்குறதுக்கெல்லாம் ஆமா சாமின்னு சொல்லிட்டுப் போயிருவான். உக்காந்தவன்தான் நடந்ததைச் சொல்லுவான்" என்றார். வழக்கறிஞர் தொழிலில் எனக்குக் கிடைத்த முதல் பாடம் அது. எந்தச் சட்டப் புத்தகத்திலும் அது கிடையாது.

நல்ல அபிப்பிராயத்தை உண்டாக்குவது எப்படி என்று இப்போது எங்கு பார்த்தாலும் வகுப்பு நடக்கிறது. நிமிர்ந்து நில், கண்ணைப் பார்த்துப் பேசு, கையை அழுத்திக் குலுக்கு என்கிறார்கள். இளம் வழக்கறிஞர்களுக்கான ஒரு பயிற்சியில், பேச்சில் சொல்லுக்கு ஏழு சதவீதம்தான் மதிப்பு, மீதி தொண்ணூற்று மூன்றும் குரலும் உடம்பும்தான் என்று ஒருவர் அடித்துச் சொன்னார். அந்தக் கணக்கு ஆல்பர்ட் மெஹ்ரபியன் என்ற உளவியல் அறிஞர் 1967-இல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து வந்தது. ஒற்றைச் சொற்களையும் குரலையும் முகப் படங்களையும் வைத்து, ஒருவருக்கு நம்மைப் பிடிக்கிறதா இல்லையா என்பதை நாம் எதிலிருந்து ஊகிக்கிறோம் என்று பார்த்த சோதனைகள் அவை. உணர்ச்சியும் மனப்பாங்கும் பற்றிய பேச்சுக்கு மட்டுமே அது பொருந்தும் என்று அவரே விளக்கிவிட்டார். சொத்து யாருக்கு என்று வழக்காடுகிற இடத்தில் சொல்லுக்கு ஏழு சதவீதம் என்று ஒரு ஜூனியர் நம்பிவிட்டால் அவளுடைய கட்சிக்காரன் கதி என்ன ஆகும்? கோபத்தோடுதான் அன்று வீடு திரும்பினேன்.

என் சீனியர் கற்றுக்கொடுத்தது வேறு வகை. கேஸ் கூப்பிட்டதும் எழுந்து, தலை தாழ்த்தி, நீதிபதி நிமிர்ந்து பார்க்கும்வரை வாயைத் திறக்கக்கூடாது. பென்ச் கிளார்க் கட்டை எடுத்து மேசையில் வைக்கிற அந்தச் சில நொடிகளை நம் பேச்சால் நிரப்பக்கூடாது. அப்போது நீதிபதி படித்துக்கொண்டிருக்கிறார், நாம் பேசினால் இரண்டும் கெடும். எதிர்த்தரப்பு பேசும்போது சிரிப்பது, தலையில் அடித்துக்கொள்வது, பக்கத்தில் இருப்பவரிடம் கிசுகிசுப்பது எதுவும் ஆகாது. சாட்சியை நோக்கி விரல் நீட்டக்கூடாது. நம் சாட்சியை முதல் விசாரணை செய்யும்போது கூண்டைவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். நாம் பக்கத்தில் நின்றால் சாட்சி நம்மிடம் மட்டும் பேசுவார், குரல் இறங்கிவிடும், நீதிபதிக்குக் கேட்காது. தள்ளி நின்றால் தானாகக் குரல் உயரும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பேனாவைப் பார் என்பார். அந்தக் காலத்தில் சாட்சியத்தைத் தங்கள் கையாலேயே எழுதுகிற நீதிபதிகள் இருந்தார்கள். மற்றவர்கள் தட்டச்சருக்குச் சொல்லச் சொல்ல, தாங்களும் பக்கத்தில் ஒரு தாளில் குறிப்பெடுப்பார்கள். பேனா ஓடிக்கொண்டிருந்தால் அடுத்த கேள்விக்குப் போகாதே. பேனா நின்று, மூடி போட்டாகிவிட்டது என்றால் நீ சொன்னதையே சொல்கிறாய் என்று அர்த்தம், உட்கார். நான் மெதுவாக, இடைவெளி விட்டுப் பேசுகிறேன் என்று பிற்காலத்தில் சிலர் பாராட்டியதுண்டு. அந்த இடைவெளி அத்தனையும் ஏதோ ஒரு நீதிபதியின் பேனாவுக்காகக் காத்திருந்து பழகியதுதான்.

திருக்குறளில் குறிப்பறிதல் என்ற பெயரில் இரண்டு அதிகாரங்கள் உண்டு. காமத்துப்பாலில் வருவது 110-ஆவது. பொருட்பாலில், அமைச்சனுக்குச் சொன்னவற்றுள் வருவது 71-ஆவது. அதற்கு அடுத்தே 72-இல் அவையறிதல், 73-இல் அவையஞ்சாமை. சேர்ந்த முதல் வாரமே இந்த மூன்றையும் வரிசை மாறாமல் படித்துவரச் சொன்னார் சீனியர். முகத்தைப் படிக்கத் தெரிந்த பிறகுதான் சபையைப் படிக்க முடியும், சபையைப் படித்த பிறகுதான் பயம் போகும் என்பது அவர் கொண்ட பொருள். பயத்தை முதலில் விரட்டு, மற்றதெல்லாம் தானாக வரும் என்கிற இன்றைய பயிற்சிக்காரர்களின் வரிசை இதற்கு நேர்மாறு. எனக்கு வள்ளுவர் வைத்த வரிசையே சரியாகப் படுகிறது.

உடையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்தியப் பார் கவுன்சிலின் விதிப்படி பெண் வழக்கறிஞருக்குக் கறுப்பு முழுக்கை ஜாக்கெட், வெள்ளைக் காலர், வெள்ளைப் பட்டை. புடவை கட்டினால் வெள்ளை, கறுப்பு அல்லது கண்ணை உறுத்தாத நிறம், பூவேலை இருக்கக்கூடாது. கோடையில் உச்ச நீதிமன்றத்தையும் உயர் நீதிமன்றங்களையும் தவிர மற்ற இடங்களில் கறுப்புக் கோட்டு கட்டாயமில்லை. நீதிமன்றத்துக்கு வெளியே பொது இடங்களில் பட்டையும் கவுனும் அணியக்கூடாது என்றும் ஒரு விதி உண்டு, அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பஸ்ஸில் எல்லாரையும்போல வந்து, பெண்கள் அறையில் கஞ்சி போட்ட பட்டையைக் கழுத்தில் கட்டிக்கொள்ளும்போது, தொழில் அங்கிருந்து தொடங்குகிறது என்று உடம்புக்கே தெரியும். மூன்று தலைமுறை வக்கீல் வீட்டுப் பிள்ளையும், எங்கள் தெருவில் முதல் பட்டதாரியான நானும் அந்த உடையில் முதல் ஒரு நிமிடம் ஒன்றாகவே தெரிவோம். அந்த ஒரு நிமிடம் எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. பெண்கள் வழக்காடத் தடையில்லை என்று 1923-இல் சட்டம் வந்து எழுபது ஆண்டுகள் கடந்த பிறகும், என்னைப் பார்த்துவிட்டு எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து "வக்கீல் வரலையாம்மா?" என்று கேட்ட கட்சிக்காரர்கள் இருந்தார்கள். பட்டையைக் கட்டிக்கொண்டு அவர்கள் கட்டைக் கையில் எடுத்துவிட்டால் அந்தக் கேள்வி வராது.

உடை எனக்கு இப்படிக் கைகொடுத்தது. கூண்டில் ஏறுகிறவர்களுக்கு அப்படி எதுவும் கிடையாது.

சாட்சியின் உடம்பைச் சட்டம் கவனிக்கிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 18-ஆவது கட்டளை, 12-ஆவது விதி: விசாரணையின்போது சாட்சியின் நடத்தையைப் பற்றி முக்கியம் என்று படுவதை நீதிமன்றம் குறித்துக்கொள்ளலாம். 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 280-ஆவது பிரிவும் இதையே சொன்னது. தயங்கினார், வியர்த்தார், திருதிருவென்று விழித்தார் என்று நீதிபதி ஒரு வரி எழுதிவிட்டால், மேல்முறையீட்டில் அதை அசைப்பது சாதாரண காரியமல்ல. சாட்சியை நேரில் பார்த்தவர் கீழ்க்கோர்ட் நீதிபதிதான், எங்கள் முன்னால் இருப்பது வெறும் காகிதம் என்று மேல்நீதிமன்றம் ஒதுங்கிவிடும். நியாயமான ஏற்பாடுதான். ஆனால் எங்கள் மாவட்டத்தில், பெரியவர்கள் முன்னால் நிமிர்ந்து பார்ப்பது திமிர் என்று பிள்ளையிலிருந்து சொல்லிச் சொல்லி, சில நேரம் அடித்தும் வளர்க்கப்பட்ட ஒருத்தி கூண்டில் ஏறித் தரையைப் பார்த்தால், அதைப் பொய்யின் அடையாளம் என்று யார் படித்தாலும் எனக்குத் தாங்காது. அவள் காட்டுவது மரியாதை. அந்த மரியாதையை அவளிடமிருந்து பிடுங்கி வாங்கியவர்களே அதை அவளுக்கு எதிராகத் திருப்பக்கூடாது.

ஒரு நடைபாதை வழக்கு. வயலுக்குப் போகிற வரப்புப் பாதையை ஒருவர் வேலி போட்டு அடைத்துவிட்டார். பாதை காலங்காலமாக இருந்தது என்று நாங்கள் சொல்கிறோம், அங்கே பாதையே இல்லை என்று அவர்கள் சொல்கிறார்கள். எங்கள் தரப்பில், அந்த வயல்களில் காலமெல்லாம் நாற்று நட்டு, கதிர் அறுத்த ஒரு பாட்டி சாட்சி. டவாலி பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தார். நீதிபதியைக் கும்பிட்டார், பென்ச் கிளார்க்கைக் கும்பிட்டார், தட்டச்சரைக் கும்பிட்டார், எதிர்த்தரப்பு வக்கீலையும் விடவில்லை. கூண்டில் ஏறினவர் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு குனிந்துகொண்டார். முதல் விசாரணை எப்படியோ முடிந்தது. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் ஆரம்பத்திலேயே, "என்னம்மா கீழேயே பாக்குற? ஐயா முகத்தைப் பாத்துச் சொல்லு. பொய் சொல்றதாலதான தலை நிமிர மாட்டேங்குது?" என்றார். பாட்டி இன்னும் குனிந்தார். கூண்டின் கம்பியைப் பிடித்திருந்த கை நடுங்கியது.

நான் எழுந்து, "யுவர் ஆனர், சாட்சி எப்பவும் இப்படித்தான் நிற்பார். இந்தக் கேள்வியைக் கேட்ட வக்கீல் முன்னாலும் குனிந்துதான் கும்பிட்டார். வயதானவர், உட்கார அனுமதி வேண்டும்" என்றேன். நீதிபதி பேனாவை மூடி வைத்தார். டவாலியிடம் ஸ்டூல் கொண்டுவரச் சொல்லிவிட்டு, "பாட்டி, இந்த வருஷம் பிசானத்துக்குத் தண்ணி வந்துச்சா?" என்று கேட்டார். தாமிரபரணிப் பாசனத்தில் வேலை பார்த்த எந்தக் கிழவியும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கமுடியாது. முந்தானை வாயைவிட்டு இறங்கியது. கால்வாயில் தண்ணீர் எப்போது வந்தது, எந்த மடையில் அடைப்பு என்று பேச ஆரம்பித்தவர் ஸ்டூலில் உட்காரவே இல்லை.

எதிர்த்தரப்பு வக்கீல் விட்ட இடத்தில் பிடித்தார். பாதை எத்தனை அடி அகலம் என்று கேட்டார். "அடிக்கணக்கு எனக்குத் தெரியாது சாமி" என்றார் பாட்டி. "தெரியாதுல்ல? அப்ப பாதையே கிடையாதுல்ல?" என்றார் அவர். பாட்டி அவரை நிமிர்ந்து பார்த்தார். அதன்பிறகு நடந்ததை இன்றைக்கும் அப்படியே கண்ணுக்குள் வைத்திருக்கிறேன். இரண்டு கையையும் தூக்கி, தலையில் கதிர்க்கட்டு இருப்பதுபோலப் பிடித்துக்கொண்டார். கழுத்து நிமிர்ந்துவிட்டது. கூண்டுக்குள் இருந்த அந்தக் கொஞ்ச இடத்தில் இரண்டு எட்டு வைத்தார். "எதுக்க ஒருத்தி கட்டோட வந்தான்னா ரெண்டு பேரும் நேரா போக முடியாது சாமி. யாராச்சும் ஒருத்தி இந்தா, இப்பிடி ஒருக்களிச்சு நிக்கணும்" என்று சொல்லித் தோளைத் திருப்பி, இடுப்பை ஒடுக்கி, ஒரு காலை வரப்பின் சரிவில் ஊன்றுவதுபோலத் தாழ வைத்து நின்று காட்டினார். பல வருஷம் தினமும் செய்த காரியம். அந்த உடம்புக்கு அந்த அகலம் தெரியும்.

கோர்ட் ஹாலில் ஒரு சத்தமும் இல்லை. ஆனால் தட்டச்சு இயந்திரத்துக்குத் தோள் திரும்பியது தெரியாது. சொல்லாக மாறாத சைகை வாக்குமூலத்தில் ஏறாது. தலையை ஆட்டினால்கூட, ஆமாவா இல்லையா, வாயால் சொல்லுங்கள் என்று நீதிபதிகள் கேட்பது அதனால்தான். நான் எழுந்து, சாட்சி செய்து காட்டியதைப் பதிவு செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். எதிர்த்தரப்பு ஆட்சேபித்தது. நீதிபதி ஆட்சேபத்தையும் குறித்துக்கொண்டு, தலைச்சுமையோடு இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பக்கவாட்டில் திரும்பி நின்றால்தான் மற்றவர் கடக்க முடியும் என்று சாட்சி நின்று காட்டுகிறார் என்று சொல்லித் தட்டச்சு செய்ய வைத்தார். வழக்கறிஞர் ஆணையர் ஏற்கெனவே இடத்தை அளந்து கொடுத்திருந்த அறிக்கையில், வேலிக்குக் கீழே மிதிபட்டு இறுகிக் கிடந்த தரையின் அகலம் மூன்று அடிக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டும் பொருந்தின. தீர்ப்பில் அந்த வாக்கியம் அப்படியே எடுத்தாளப்பட்டது. மேல்முறையீட்டிலும் நின்றது.

உரிமையியல் வழக்குகளில் இப்போது அந்த மாதிரி முதல் விசாரணையே கிடையாது. 2002 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த திருத்தப்படி அது பிரமாணப் பத்திரமாகத் தாக்கலாகிவிடுகிறது. நேரம் மிச்சம்தான். ஆனால் இதன் விளைவு ஒன்றை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. சாட்சியின் உடம்பை நீதிபதி முதன்முதலில் பார்ப்பதே குறுக்கு விசாரணையில்தான், அதாவது அந்த உடம்பு மிரண்டு கிடக்கிற நேரத்தில். தன் கதையைத் தன் போக்கில் சொல்லும்போது ஒருவர் எப்படி நிற்பார், எப்படிக் கையசைப்பார் என்று ஒப்பிட்டுப் பார்க்க நீதிபதிக்கு வாய்ப்பே இல்லாமல் போகிறது.

வாய் பேசமுடியாதவருடைய கையசைவு சாட்சியாகுமா என்பது 1885-இலேயே அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வுக்குப் போன கேள்வி. துலாரி என்ற இளம்பெண்ணின் கழுத்து அறுபட்டிருந்தது. பேச்சில்லை. யார் செய்தது என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லிக் கேட்டபோது கையசைவால் பதில் சொன்னாள். பிறகு இறந்துபோனாள். கேள்வியையும் அதற்கு அவள் காட்டிய சைகையையும் சேர்த்து அவளுடைய வாய்மொழி வாக்குமூலமாகவே கொள்ளலாம் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. பேசமுடியாத சாட்சி எழுதியோ சைகையாலோ சாட்சியமளிக்கலாம் என்று 1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 119-ஆவது பிரிவு சொன்னது. 2013-இல் அதைத் திருத்தி, மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்புக் கல்வியாளர் உதவியையும் ஒளிப்பதிவையும் சேர்த்தார்கள். அந்த ஏற்பாடு புதிய பாரதிய சாக்ஷிய அதினியத்திலும் தொடர்கிறது. சட்டக் கல்லூரியில் இந்த வழக்கைப் பரீட்சைக்காகப் படித்தேன். பாட்டி கட்டு சுமந்து காட்டிய அன்றைக்கு ராத்திரி எடுத்து மறுபடி படித்தேன்.

துண்டைக் கக்கத்தில் இடுக்கி நின்றவர்களைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்குப் பாலசுந்தரம் நினைவுக்கு வருவார். காந்தி 1893-இல் டர்பன் நீதிமன்றத்துக்குத் தலைப்பாகையோடு போனபோது, அதை எடுக்கச் சொன்னார் மாஜிஸ்திரேட். மறுத்து வெளியே வந்துவிட்டார் காந்தி. மறு ஆண்டு நேட்டாலில் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டபோது, நீதிமன்ற ஒழுங்குக்கு உட்பட்டு அவரே அதைக் கழற்றினார். அங்கே ஒப்பந்தக் கூலியாக இருந்த தமிழர் பாலசுந்தரம், எஜமானன் அடித்ததில் முன்பற்கள் உடைந்து, வாயில் ரத்தம் வழிய, தலைத்துணியைக் கையில் பிடித்துக்கொண்டு காந்தியின் முன் வந்து நின்றார். வெள்ளைக்காரர் முன்னால் அப்படி நிற்பதே அங்கே வழக்கம். காந்தி முதலில் அவரைத் துணியைத் தலையில் கட்டிக்கொள்ளச் சொன்னார். தயங்கித் தயங்கிக் கட்டிக்கொண்டவருடைய முகத்தில் சந்தோஷம் தெரிந்தது என்று சத்திய சோதனையில் எழுதியிருக்கிறார். மருத்துவர், மாஜிஸ்திரேட், வேறு எஜமானிடம் மாற்றிவிடுவது எல்லாம் அதற்குப் பிறகு. ஒரு நல்ல வழக்கறிஞரின் நடத்தை எப்படி இருக்கும் என்று யாராவது என்னைக் கேட்டால் இந்தச் சம்பவத்தைத்தான் சொல்லுவேன்.

2020-இல் கொரோனா காலத்தில் காணொலி விசாரணை வந்தது. அந்த மே மாதம் உச்ச நீதிமன்றம் கோட்டையும் கவுனையும் தற்காலிகமாக விலக்கி, வெள்ளை உடையும் வெள்ளைப் பட்டையும் போதும் என்றது. எனக்குக் கோட்டு இல்லாதது ஒரு குறையாகப் படவில்லை. நீதிபதியின் பேனா தெரியவில்லையே என்பதுதான் தவிப்பு. யாருடைய கையும் தெரியாது, முகங்கள் மட்டும் கட்டம் கட்டமாக. யார் யாரைப் பார்க்கிறார்கள் என்றும் பிடிபடாது. வாதம் எடுபடுகிறதா என்று தெரியாமலே பேசி முடித்த நாட்கள் அவை. நேரடி விசாரணை திரும்பியபோது கோர்ட் ஹாலின் அந்தப் பழைய காகித வாசனைகூட வேண்டியிருந்தது.

இப்போது என்னிடம் ஒரு ஜூனியர் இருக்கிறாள். நாங்குநேரிப் பக்கம். வீட்டில் முதல் பட்டதாரி. மெல்லிய குரல். சத்தமாகப் பேசு, போல்டா இரு என்று பார் அசோசியேஷனில் ஆளாளுக்கு அவளுக்குச் சொன்னார்கள். நான் அவளைக் குரலை மாற்றச் சொல்லவில்லை. ஓர் அடி முன்னால் போய் நில், பக்க எண்ணை முதலில் சொல், நீதிபதி அந்தப் பக்கத்தைத் திருப்பும்வரை காத்திரு என்று மட்டும் சொன்னேன். போன மாதம் ஓர் இடைக்கால மனுவில் அவள் பேசும்போது, நீதிபதி மின்விசிறியின் வேகத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டுக் கேட்டார்.

அவள் கையில் இப்போது முக்கூடலைச் சேர்ந்த பீடி சுற்றும் பெண்ணின் ஜீவனாம்ச வழக்கு இருக்கிறது. என்ன சொல்ல வேண்டும் என்று சாட்சிக்குச் சொல்லிக்கொடுப்பது தொழில் தர்மத்துக்கு விரோதம், எங்கே நிற்க வேண்டும் என்று காட்டுவதில் எந்தத் தப்பும் இல்லை. நேற்று சாயங்காலம் கோர்ட் கலைந்த பிறகு அனுமதி வாங்கி அந்தப் பெண்ணை ஹாலுக்குள் கூட்டிப்போனோம். நீதிபதி எங்கே உட்காருவார், தட்டச்சர் எங்கே, அவருடைய கணவர் எந்தப் பக்கம் நிற்பார் என்று ஜூனியர் காட்டினாள். அந்தப் பெண் கூண்டில் ஏறிப் பார்த்தார், இறங்கினார், மறுபடி ஏறினார்.

"யாரைப் பாத்துப் பேசணும் தாயி?"

"உங்களுக்கு எங்க பாக்கத் தோணுதோ அங்க பாருங்கக்கா. கேள்வி புரியலைன்னா புரியலைன்னு சொல்லுங்க. அவங்க கேட்டு முடிச்சப்புறம் பதில் சொன்னாப் போதும், அவசரமே இல்ல."

அடுத்த செவ்வாய்க்கிழமை அவருக்கு கிராஸ்.